மூன்று கோடு போட்டால் அடுத்த பக்கம்

(கட்டளை வரியிலிருந்து ஸ்லைடு காட்டும் நிரல்களைப் பற்றி, கணினி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புரொஜெக்டரைப் போட்டதும் பின்வரிசையில் லேசான சலசலப்பு. ஏதோ கோளாறு என்று சிலர் நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கோளாறு எதுவும் இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்தில் ஒரு தலைப்பு, அதற்குக் கீழே மூன்று வரி, அடியில் பக்க எண். இதுதான் இன்றைய முதல் ஸ்லைடு. இன்றைக்கு முழுவதும் இப்படித்தான் இருக்கும். தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கிறதே, தமிழில் பேச வந்தவருக்கு இது அழகா என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த உரையில் கணிசமான நேரம் ஒதுக்கியிருக்கிறேன்; கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இந்த ஸ்லைடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதோ, நிரலை மூடிவிட்டுக் கோப்பைத் திறக்கிறேன். சாதாரண எழுத்துக் கோப்பு. உங்கள் வீட்டுக் கணினியில் நோட்பேடில் திறந்தாலும் இதேதான் தெரியும். மேலே சதவீதக் குறியோடு தொடங்கும் மூன்று வரிகள்: தலைப்பு, பேசுபவர், தேதி. அதற்குக் கீழே # போட்டு ஒரு வரி. அது ஸ்லைடின் தலைப்பு. சிறு கோடு போட்டுத் தொடங்கும் வரிகள் பட்டியலாக நிற்கும். பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே --- என்று மூன்று கோடு, மறுபடி வெற்று வரி. மூன்று கோடு போட்டால் அடுத்த பக்கம். அவ்வளவுதான் இலக்கணம். இந்த எழுத்துமுறைக்கு மார்க்டவுன் என்று பெயர். 2004-இல் ஜான் குரூபர், ஆரோன் சுவார்ட்ஸின் துணையோடு உருவாக்கியது. இன்று நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கோப்பை ஸ்லைடாகக் காட்டும் நிரலின் பெயர் எம்டிபி. மைக்கேல் கோலர் என்பவர் சி மொழியில் எழுதியது. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், எம்டிபி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர் அழுத்தினால் திரை முழுக்க ஸ்லைடு. ஸ்பேஸ் தட்டினால் முன்னே, பேக்ஸ்பேஸ் தட்டினால் பின்னே, எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம், க்யூ தட்டினால் வெளியே. பட்டியலின் வரிகளை ஒவ்வொன்றாக வரவைக்க வேண்டுமா? நடுவில் ஒரு தனி வரியில் ^ என்ற குறியை மட்டும் போடுங்கள்; அதுவரை காட்டிவிட்டு நிரல் உங்களுக்காகக் காத்து நிற்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் மற்ற மென்பொருள்களைப் போலவே இதையும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள வேண்டியது இதற்குமேல் அதிகம் இல்லை. நான் சொல்லிமுடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு மாணவி மடிக்கணினியில் நிறுவியே முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு எளிய ஒன்றைப் பற்றி ஓர் உரை எதற்கு? ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். ஸ்லைடில் கொள்ளாத அளவுக்கு நீங்கள் எழுதிவிட்டால் நிரல் என்ன செய்கிறது? ஒரு ஸ்லைடு நிரலின் குணத்தை அந்த ஒரு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்.

பவர்பாயிண்ட் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் வரிகள் கொள்ளாதபோது எழுத்தைச் சத்தமில்லாமல் சிறிதாக்கும். இன்னும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் சிறிதாகும். காலை நேரத்து டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிக்கொள்ளும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த எழுத்து தெரியுமா என்பது அதன் கவலை இல்லை. எம்டிபி அப்படிச் செய்யாது. இதோ பாருங்கள், இந்தக் கோப்பில் ஒரு ஸ்லைடில் வேண்டுமென்றே நாற்பது வரி வைத்திருக்கிறேன். இப்போது ஓட்டுகிறேன். ஸ்லைடு வரவில்லை. பிழைச் செய்தி வந்திருக்கிறது: டெர்மினலின் உயரம் போதாது, குறைந்தது இத்தனை வரி வேண்டும் என்கிறது. ஒரு வரி அகலமாகப் போனாலும் இதே கதைதான். வரியை உடைத்து எழுதும்படி யோசனை வேறு சொல்கிறது. நீங்கள் திருத்தும்வரை அது திறக்காது. ஒரு பத்திரிகை உதவி ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் கறார் இதில் இருக்கிறது. எழுத்தின் அளவைக் குறைத்து ஏமாற்றலாமே என்றால், ஏமாற்றலாம். ஆனால் அதை நீங்களே, தெரிந்தே செய்ய வேண்டியிருக்கும்.

டெர்மினலின் அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். 80 என்பது ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். அந்த அகலமே திரைக்கும் வந்து, 1978-இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 முனையம் பரவலானபோது நிலைத்துவிட்டது. இந்த அரங்கில் கடைசி வரிசைக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கினால் 80 கூடக் கிடைக்காது. ஒரு ஸ்லைடில் பத்துப் பன்னிரண்டு வரிக்குமேல் ஏறாது. சராசரி மனிதர் ஒரு பார்வையில் வாசிக்கக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். எழுத்துக் கோப்பிலிருந்து ஸ்லைடு செய்வது பவர்பாயிண்டுக்கு எதிராக யாரோ சிலர் கிளப்பிய கலகம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். இது பவர்பாயிண்டைவிடப் பழையது. 1980-களின் தொடக்கத்தில் வந்த சிஸ்டம் த்ரீ யூனிக்ஸில் எம்விடி என்றொரு கட்டளை உண்டு. நம் கல்லூரிகளில் ஓஎச்பி ஷீட் என்போமே, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் அந்தக் கண்ணாடித் தாள், அதை அச்சிடுவதற்கென்றே இருந்த கட்டளை. ட்ராஃப் என்ற அச்சுக்கோப்பு நிரலுக்கு மேலே கட்டியது. சதுரத் தாளா, நீளத் தாளா, அகலத் தாளா என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, வரிக்கு முன்னால் புள்ளி வைத்து ஏ, பி, சி, டி என்று எழுதினால் அந்தந்தப் படிநிலைக்கு ஏற்ப வரி உள்ளே தள்ளி நிற்கும். நான்கே படி. ஐந்தாவது படி வேண்டுமென்று நினைப்பவர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி யோசிக்க வேண்டியதுதான்.

பவர்பாயிண்ட் 1987 ஏப்ரலில் வந்தது. கலிஃபோர்னியாவில் ஃபோர்தாட் என்ற சின்ன நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கியது. முதலில் மெக்கின்டாஷுக்கு மட்டும், அதுவும் கறுப்பு வெள்ளையில். அதன் முதல் வேலையும் ஓஎச்பி ஷீட் அச்சிடுவதுதான். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கிவிட்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. பவர்பாயிண்டை நான் குறை சொல்ல வரவில்லை. வரைபடம், நிழற்படம், வண்ணம் வேண்டிய இடத்தில் அது நல்ல கருவி. எழுத்துக்கு அது நல்ல இடமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிகக் கசப்பான ஓர் உதாரணம் உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. நம் நாட்டில் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்தார். புறப்பட்ட சற்று நேரத்தில் வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த மோதலால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்குப் பவர்பாயிண்டில் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற தகவல் வடிவமைப்பு அறிஞர் பின்னால் பிரித்துப் போட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி, ஒரே ஸ்லைடில் ஆறு படி உள்ளடுக்கு. அதில் பதினொரு சொற்றொடர்கள். பெரிய எழுத்துத் தலைப்பு, சோதனைத் தரவுகள் நம்பிக்கை தருவதாக மேலோட்டமாகப் படிப்பவரை எண்ணவைக்கும். ஆனால் அடியில், மிகச் சின்ன எழுத்தில், கடைசிப் படியில் இருந்த செய்தி என்ன தெரியுமா? சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம்; உண்மையில் மோதியதாகக் கணித்த துண்டின் அளவு 1920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது, அந்தச் சோதனைத் தரவை வைத்து எதையுமே சொல்ல முடியாது. அந்த ஸ்லைடில் சொல்ல வேண்டியிருந்த ஒரே செய்தி அதுதான். அது அடித்தட்டில் கிடந்தது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, நாசாவில் தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தை ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டிருப்பதைத் தனியாகவே சுட்டிக்காட்டியது. ஸ்லைடுதான் ஓடத்தை வீழ்த்தியது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நுரைத்துண்டு வீழ்த்தியது. ஆனால் 640 மடங்கு என்பதை ஒருவர் வாயால் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் அறையில் இருந்தவர்களின் முகம் மாறியிருக்கும்.

எம்டிபி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க எனக்கு மனமில்லை. மார்க்டவுனிலும் உள்ளடுக்குகளை அடுக்கிக்கொண்டே போகலாம். மோசமான ஸ்லைடை எதிலும் செய்யலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஸ்லைடு, அந்த அளவு சின்ன எழுத்தோடு, பெரிய எழுத்தில் திறந்த டெர்மினலில் திறந்திருக்காது. உயரம் போதாது என்றிருக்கும். எதை எடுப்பது, எதை வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தே தீர வேண்டியிருக்கும். என் வாதம் அவ்வளவுக்கு மட்டும்தான் போகிறது.

ஸ்லைடில் கொள்ளாதபோது நிரல் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. சக்லெஸ் என்ற குழு, மென்பொருள் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பிடிவாதக்காரர்கள், சென்ட் என்றொரு நிரல் வைத்திருக்கிறார்கள். இது கட்டளை வரியிலிருந்து கிளம்பினாலும் தனி ஜன்னலில் ஓடும். இதன் இலக்கணம் மார்க்டவுனைவிடச் சுருக்கம்: ஒரு பத்தி, ஒரு ஸ்லைடு. வெற்று வரி விட்டால் அடுத்த ஸ்லைடு. @ போட்டுப் படத்தின் பெயரை எழுதினால் படம். # போட்டால் உங்களுக்கான குறிப்பு, திரையில் வராது. முடிந்தது. இது எழுத்தைத் திரையின் அளவுக்குப் பொருத்தும்: ஒரு சொல் எழுதினால் அந்தச் சொல் சுவர் முழுக்க நிற்கும், பத்து வரி எழுதினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். ஆக, இதுவும் சிறிதாக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்டனை உடனே கண்ணுக்குத் தெரிகிறது. முந்தின ஸ்லைடில் ஓராள் உயரம் நின்ற எழுத்து இதில் விரற்கடை ஆகிவிட்டால் யாருக்கும் உறைக்கும்.

ஜப்பானிய ரூபி நிரலர் மசயோஷி தகஹாஷியின் பாணிக்கென்றே தைத்த சட்டை இது. ஸ்லைடுக்கு ஓரிரு சொல், பிரம்மாண்டமான எழுத்து, படமே கிடையாது, மளமளவென்று ஸ்லைடுகள் ஓடும்; அதைத் தகஹாஷி முறை என்றே சொல்கிறார்கள். நல்ல பேச்சாளர் கையில் பிரமாதமாக இருக்கும். தயார் செய்யாமல் மேடையேறுகிறவர் இதைத் தொட வேண்டாம். திரையில் இருப்பது ஒரு சொல்; அதைப் பார்த்து வாசித்து ஒப்பேற்ற வழியே இல்லை.

மாணவர்களுக்கு, குறிப்பாக லினக்ஸ் கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு, டிபிபி என்ற பழைய நிரலைக் காட்டியே ஆக வேண்டும். ரூபியில் எழுதியது. இதன் கட்டளைகள் எல்லாம் இரண்டு சிறுகோட்டோடு தொடங்கும். இதில் ஒரு வேடிக்கை: ஷெல் வெளியீடு தொடங்குகிறது என்று ஒரு வரி எழுதி, அதன் கீழ் டாலர் குறியோடு ஒரு கட்டளையை எழுதினால், ஸ்லைடில் அந்தக் கட்டளை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு ஆகும், யாரோ கண்முன்னால் தட்டுவது போல இருக்கும். பிறகு நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த விடை வரும். முழுக்க நாடகம். நான் முதலில் முகம் சுளித்தேன். இப்போது பாதுகாப்பான நாடகம் என்று ஒப்புக்கொள்கிறேன். மேடையில் நேரடியாகக் கட்டளை தட்டிக் காட்டுவதில் இருக்கும் அபாயம் உங்களுக்கே தெரியும். இணையம் வராது, விரல் தடுமாறும், போன வாரம் ஓடியது இன்று ஓடாது.

நிஜமாகவே ஓட்டிக் காட்டவும் நிரல்கள் உண்டு. கோ மொழியில் எழுதிய ஸ்லைட்ஸ் என்ற நிரலில், ஸ்லைடில் இருக்கும் நிரல்துண்டைக் கன்ட்ரோல்-இ அழுத்தி அங்கேயே ஓட்டலாம். விடை அதன் கீழே வரும். படாட் என்ற நிரலிலும் அந்த வசதி உண்டு. வகுப்பில், "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் சார்?" என்று கேட்கிற மாணவருக்கு அங்கேயே மாற்றி ஓட்டிக் காட்டுவதைப்போல ஒரு பதில் வேறில்லை. கூடவே ஓர் எச்சரிக்கை. ஸ்லைடு தானே நிரலை ஓட்டும் என்றால், அந்த ஸ்லைடுக் கோப்பும் ஒரு நிரல்தான். முகம் தெரியாத யாரோ அனுப்பிய கோப்பைத் திறந்து ஓட்டாதீர்கள். நல்லவேளையாக இது வெறும் எழுத்து. ஓட்டுவதற்கு முன் முழுக்க வாசித்துப் பார்த்துவிடலாம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன்.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஆங்கிலத்துக்கு இது பொருந்துகிறது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்று முடிவு செய்துவிட்டார்கள், அதுவும் பொருந்துகிறது. நம் எழுத்து கட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். 'கீ' என்ற எழுத்துக்கு எத்தனை கட்டம்? 'கி' என்ற எழுத்துக்கு எத்தனை கட்டம்? பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். ஆனால் கணினி தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. யூனிகோடில் ஈகாரக் குறியைப் புள்ளியைப் போல இடம் பிடிக்காத குறியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். இகரக் குறியை இடம் பிடிக்கும் குறியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் எழுதிக்கொடுத்து, பல டெர்மினல்கள் பின்பற்றும் அகலக் கணக்கில், அதனால் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம். 'நீதி' என்ற சொல்லில் முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. புதிய நூலகங்கள் சில வேறு கணக்குப் போடுகின்றன. ஸ்லைடு நிரல் ஒரு கணக்கும், அதைக் காட்டும் டெர்மினல் இன்னொரு கணக்கும் போட்டால், நடுவில் நிறுத்தச் சொன்ன தலைப்பு ஒரு பக்கம் சாயும். அட்டவணையின் கோடுகள் கோணும். முந்தின பக்கத்து எழுத்தின் வால் இந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. தட்டச்சுப்பொறியும் ஒரே அகலக் கட்டங்களில் நகரும் இயந்திரம்தான். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சைச் செய்தபோது புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசையை வைத்தார்; விசையை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. எந்தக் குறி இடம் பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் கையால் அளந்து தீர்மானித்தார். டெர்மினலில் அந்தத் தீர்மானத்தை ஒரு பொதுவான அட்டவணை எடுக்கிறது. வித்தியாசம் அதுதான்.

சென்ட் நிரலில் சிக்கல் வேறு மாதிரி. அது எழுத்தை வரைய எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அந்த நூலகம் எழுத்துகளை வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும். சேர்க்கவோ இடம் மாற்றவோ அதற்குத் தெரியாது. 'பேச்சு' என்று எழுதுங்கள். யூனிகோடில் முதலில் 'ப' இருக்கும், பிறகு ஏகாரக் கொம்பு இருக்கும். திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டியது எழுத்தைச் செதுக்கும் நிரலின் வேலை. சென்டில் அந்த வேலை நடப்பதில்லை. கொம்பு 'ப'வுக்கு வலப்பக்கம் வந்து நிற்கும். 'சு'வின் உகரம் உடலோடு ஒட்டாமல் தனியே தொங்கும். சுவர் அளவு எழுத்தில் இது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்! இன்றைய ஸ்லைடுகள் ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்டவர்களுக்கு, டெர்மினலிலும் சென்டிலும் தமிழ் படும் இந்தப் பாடுதான் பதில்.

அப்படியானால் தமிழில் பேசுகிறவருக்கு இதனால் பயனே இல்லையா? உண்டு. கோப்பு வேறு, திரை வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட பான்டாக் என்ற நிரல், எழுத்துக் கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றித் தரும். தத்துவ ஆசிரியர் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய நிரல், பதிப்பகங்கள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் தமிழில் எழுதிய அதே மார்க்டவுன் கோப்பை இதனிடம் கொடுத்து, ரிவீல்ஜேஎஸ் வடிவில் கொடு என்றால் உலாவியில் திறக்கும் ஸ்லைடாகத் தரும். பயர்பாக்ஸும் குரோமும் எழுத்தைச் செதுக்க ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அதற்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கொம்பு இடப்பக்கம் நிற்கும், 'சு' ஒட்டியிருக்கும். துறைத்தலைவர் பவர்பாயிண்ட் கோப்புதான் வேண்டும் என்கிறாரா? அதே கோப்பிலிருந்து அதையும் எடுக்கலாம். அச்சுக்கு பிடிஎஃப் வேண்டுமா? டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் வழியாக, பீமர் என்ற ஸ்லைடு வடிவில் எடுக்கலாம். தமிழுக்கு ஸீலேடெக் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. எந்த நிரலின் வழக்கில் எழுதுவது? எம்டிபியின் ^ குறி பான்டாக்குக்குப் புரியாது. பான்டாக்கில் இடைநிறுத்தத்துக்கு இடைவெளி விட்ட மூன்று புள்ளிகள்: . . . படாட் நிரல் பான்டாக்கின் நூலகத்தின் மேலேயே கட்டியது. ஆகவே படாட்டுக்காக எழுதிய கோப்பு பான்டாக்கிலும் பிசகாமல் போகும். டெர்மினலில் படாட், அரங்கில் உலாவி என்று வைத்துக்கொண்டால் ஒரே கோப்பு இரண்டுக்கும் ஆகும். எழுதும்போது படாட்டைக் கண்காணிக்கும் முறையில் பக்கத்து ஜன்னலில் ஓடவிடுங்கள்; கோப்பைச் சேமித்த மறுநொடி ஸ்லைடும் மாறும். தமிழ் டெர்மினலில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பக்கம் எங்கே முடிகிறது, எத்தனை வரி வந்திருக்கிறது என்று பார்க்க அது போதும்.

எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்வதில் இன்னும் சில சௌகரியங்கள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுப் பேச்சுகளையும் ஒரே கோப்புறையில் போட்டுவைத்தால், ஒரு சொல்லை எந்தப் பேச்சில் சொன்னோம் என்று கிரெப் கட்டளையில் நொடியில் தேடலாம். கிட் என்ற பதிப்பு மேலாண்மை நிரலில் வைத்தால் போன ஆண்டு உரைக்கும் இந்த ஆண்டு உரைக்கும் எந்த வரி மாறியது என்று தெரியும்; இருவர் சேர்ந்து ஓர் உரையைத் தயாரிக்கலாம். பார்வையற்ற மாணவருக்கு இந்தக் கோப்பை அப்படியே கொடுத்தால் திரைவாசிப்பான் மேலிருந்து கீழே வரிசை பிசகாமல் படிக்கும். பெட்டி பெட்டியாக இறைந்து கிடக்கும் ஸ்லைடில் அந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் யோஷிஃபுமி நிஷிடா எழுதிய மேஜிக்பாயிண்ட் என்ற நிரல் ஒரு காலத்தில் யூனிக்ஸ் மாநாடுகளில் கொடிகட்டிப் பறந்தது. இன்று அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதற்காக எழுதிய பழைய கோப்புகளை இப்போது திறந்தாலும், சதவீதக் குறி போட்ட கட்டளைகளுக்கு நடுவே பேச்சு முழுதாகக் கிடக்கிறது.

புரொஜெக்டர் முன்னால் நிற்கப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். கறுப்புப் பின்னணி உங்கள் மடிக்கணினியில் அழகாக இருக்கும். ஜன்னல் திறந்த வகுப்பறையில் சுவரில் ஒன்றும் தெரியாது. எம்டிபியில் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்ற ஒரு தெரிவு உண்டு. இன்று அதைத்தான் போட்டிருக்கிறேன். உரைக்கு முன்பே கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிய அளவிலேயே எல்லா ஸ்லைடுகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிரல் மறுப்பதாக இருந்தால் வீட்டிலேயே மறுக்கட்டும். மேடையில் மறுத்தால் அதன் கறாரை ரசிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

படம் காட்ட வேண்டிய பேச்சுக்கு இதை எடுக்காதீர்கள். சில டெர்மினல்களில் படமும் காட்டலாம். படாட்டுக்கும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் எந்த டெர்மினல், எந்த நெறிமுறை என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்; வேறொருவர் கணினியில் போய் நின்றால் வராது. கோவில் சிற்பத்தைப் பற்றிப் பேசுகிறவரும், இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவரும் தாராளமாகப் பவர்பாயிண்டிலோ லிப்ரெ ஆஃபிஸிலோ செய்யட்டும். சொல்லாலேயே ஆன பேச்சுக்கும், நிரலைப் பற்றிய பேச்சுக்கும்தான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இன்றைய கோப்பு இந்த மேஜைமேல் உள்ள பென்டிரைவில் இருக்கிறது. நாற்பது வரி ஸ்லைடையும் நீக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்த்துறையிலிருந்து ஏற்கெனவே ஒருவர் கை தூக்கிவிட்டார். கேளுங்கள் ஐயா.